நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய்

எங்கள் பழைய ஐஸ் மண்டபத்துக்கு ட்ரெய்னர் ஊவே வந்திருந்தார். எங்கள் கோல்கீப்பர் யான் தன் சின்ன மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். தேத்தண்ணீர்க் கடை பிரிகிட் வந்திருந்தா. பழைய பெடியளில் இன்னும் ஆறேழு பேர். டிமோ வரவில்லை, வடக்கே ஒரு துறைமுகத்தில் வேலை, லீவு கிடைக்கவில்லையாம். என் அப்பாவும் வரவில்லை. இரண்டு நாளைக்கு முன் ஃபோனில் கேட்டேன்.

"அப்பா, மண்டபத்தை இடிக்கப்போறாங்களாம். ஞாயிறு கடைசியா எல்லாரும் சந்திக்கினம். ஊவே உங்களையும் கேட்டவர். வாறியளோ?"

"நான் வரேல்லை. வேலை."

அப்பா பென்ஷன் எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது.

இதை இப்போதைக்கு அப்படியே விடுகிறேன், பிறகு வருவேன். முதலில் மணத்தைச் சொல்ல வேண்டும். ஐஸ் ஹொக்கி விளையாடாத உங்களுக்கு அந்த மணம் தெரிந்திருக்காது. ஈரக் கையுறையை ஒரு கிழமை பைக்குள் மூடி வைத்துத் திறந்தால் ஒரு மணம் எழும்பும். என் அம்மா கருவாட்டோடு வளர்ந்தவ. அவவே அந்தப் பையை பல்கனிக்குத் துரத்திவிட்டவ. மண்டபத்தில் ஐஸை எடுத்துவிட்டார்கள், வெறும் சீமெந்துத் தரைதான் கிடந்தது. ஆனால் உடுப்பு மாற்றும் அறையைத் திறந்ததும் அந்த மணம் அப்படியே நின்றது. எனக்கு இருபத்தாறு வயது, ஆஹென் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த எஞ்சினியர். வாசலில் நின்று பதின்மூன்று வயதுப் பெடியன் மாதிரிக் குனிந்து சப்பாத்து நாடாவைத் தேடினேன்.

பிறகு பிரிகிட் எல்லாருக்கும் காகிதக் கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தா. அந்தக் காலத்தில் போலவே மேலே ஒரு எலுமிச்சைத் துண்டு. அதுதான் பிழை. அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் எங்கேயோ போய்விட்டேன்.

ஒரு தமிழ்ப் பெடியன் ஐஸ் ஹொக்கிக்கு எப்படிப் போனான் என்று கேட்பீர்கள். எங்கள் ஜெர்மன் ஊர் சின்னது. ஒரு தேவாலயம், பாண் சுடுகிற ஒரு ஃபக்டரி, எப்படியோ ஒரு ஐஸ் மண்டபம். கிளப்பில் எப்போதும் பெடியளுக்குத் தட்டுப்பாடு. ஊவே பள்ளிக்கூடத்துக்கு வந்து, நேராக நிற்கத் தெரிந்த எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு நேராக நிற்கவும் தெரியாது, முதல் குளிர்காலம் முழுக்க ஸ்டிக்கை ஊன்றுகோலாகத்தான் பாவித்தேன். மூன்று வருஷத்தில் ஒரே ஒரு கோல் அடித்தேன். அதுவும் நான் விழுந்து கிடந்தபோது என் பின்பக்கத்தில் பட்டு உள்ளே போனது.

சனிக்கிழமைகளில் பீலெஃபெல்டில் தமிழ்ப் பள்ளிக்கூடம். அங்கே மாமா ஒருவர் அப்பாவைப் பகிடி பண்ணுவார்: "என்னண்ணை, வழுக்கி விழுறதுக்கும் ஒரு கிளப்போ? அதுக்குக் காசும் கட்டுறியளோ?" அப்பா சிரிப்பார். "அவன் விழட்டும். எழும்பப் பழகுவான்தானே."

அப்பா தான் பிறந்த ஊரில் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும்தான். அம்மா அதுவும் இல்லை. எங்கள் வீட்டுக்கு வரும் கடிதம் எல்லாம் எட்டு வயதிலிருந்து நான்தான் படித்தேன். டொக்டர் வீட்டு நேரம், வாடகைக் கடிதம், தங்கச்சியின் கிண்டர்கார்டன் விண்ணப்பம், கிளப் கடிதம், எல்லாம். ஜெர்மன்காரர் சொல்வதை அப்பாவுக்குச் சொல்வதும் நான், அப்பா சொல்வதை அவர்களுக்குச் சொல்வதும் நான். நடுவில் ஒரே ஒரு கதவு, அதற்கு நான்தான் சாவி. பெருமையாகத்தான் இருந்தது அப்போது. அப்படி ஒரு இடத்தில் நிற்கிறவன் என்னவும் செய்யலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த வருஷம் அப்பா ஒரு பழைய வான் வாங்கினார். ஒன்பது பேர் இருக்கலாம். கோயிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கும் ஆட்களை ஏற்றிப்போகத்தான். ஊவே அதைக் கண்டுவிட்டார். வெளியூர் ஆட்டத்துக்குப் பெடியளை ஏற்ற எப்போதும் கார் காணாது, ஒன்றிரண்டு குறையும். "உன் அப்பா ஓட்டுவாரா?" என்று கேட்டார். அப்பாவிடம் சொன்னேன். "ஓம், ஓம்" என்று கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். வேலை செய்கிற ஃபக்டரிக்கு வெளியே ஜெர்மன்காரர் ஒருவர் அவரிடம் உதவி கேட்டது, எனக்குத் தெரிய, அதுதான் முதல் தரம்.

நவம்பர் ஞாயிறு, காலை. மண்டபத்துக்கு முன்னால் ஏழு பெடியள் வானுக்குள் ஏறி இருந்தாயிற்று, நான் வெளியே நின்றேன். பைகள் ஊவேயின் ட்ரெய்லரில். அப்பா இறங்கினார். ஜக்கெட் பொக்கெட்டிலிருந்து நாலு பச்சைத் தேசிக்காயை எடுத்து நாலு சில்லுக்கும் முன்னால் வைத்தார். பிறகு நிலத்தில் சூடம் கொளுத்திக் கும்பிட்டார். தூரப் பயணத்துக்கு முதல் எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்கிறதுதான். கோயில் வாசலில் செய்தால் ஒருவரும் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். இங்கே ஏழு மூக்கு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஊவே என்னிடம் வந்தார். அவர் பேசியது எல்லாம் ஜெர்மனில், நான் தமிழில் எழுதுகிறேன். "உன் அப்பா என்ன செய்கிறார்?"

"சில்லில் காற்றுக் காணுமா என்று பார்க்கிறார்" என்றேன்.

ஊவே சில்லுப் பக்கம் குனிந்து பார்த்தார். "எலுமிச்சையாலா?"

"ஓம். நசிந்தால் காற்றுக் காணும்."

"கவனமான மனுஷன்" என்று தலையாட்டினார். வான் புறப்பட்டது. நாலும் நசிந்தது. அந்த மணம் திறந்த கண்ணாடியால் உள்ளே வந்தது.

அன்றைக்கு வென்றோம், நாலுக்கு மூன்று. வருகிற வழியில் டிமோ, எங்கள் அணியில் உண்மையாகவே விளையாடத் தெரிந்த ஒரே ஆள், "எலுமிச்சை டாக்ஸி! எலுமிச்சை டாக்ஸி!" என்று கத்த, எல்லாரும் கூடக் கத்தினார்கள். அப்பாவுக்கு விளங்கவில்லை. ஸ்டியரிங்கில் தாளம் போட்டுச் சிரித்தார். அடுத்த பயிற்சிக்கு யான் ஒரு மஞ்சள் எலுமிச்சை கொண்டுவந்து என் இருக்கையில் வைத்தான். "உன் அப்பாவுக்கு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் அதைக் குப்பைத் தொட்டியில் எறிந்தேன்.

ஜனவரியில் காய்ச்சல் பரவி ஒரு ஆட்டத்துக்கு எங்களால் ஆள் சேர்க்க ஏலாமல் போய்விட்டது. இன்னும் ஒரு தரம் வராவிட்டால் அணியை லீக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று கடிதம் வந்தது. அடுத்த ஆட்டம் வெளியூரில். ஊவே எங்கள் எல்லாரையும் இருத்திவைத்துச் சொன்னார்: "பத்துப் பேர் போய்ச் சேர்ந்தால் காணும். தோற்றாலும் பரவாயில்லை. போய்ச் சேர வேண்டும்." பிறகு என்னைப் பார்த்தார். "அப்பாவைக் கேள்."

நான் அப்பாவைக் கேட்டேன். அதைச் சொல்லத்தான் வேண்டும். கேட்டேன், அப்பா உடனே இன்னொருவரோடு ஷிஃப்ட் மாற்றிவிட்டார். அம்மா பெடியள் வழியில் தின்ன ரோல்ஸ் செய்ய மா வாங்கினா. எல்லாம் சரி. அடுத்த நாள் பயிற்சியில் டிமோ, "சூடமும் கொளுத்துவாரா?" என்று கேட்டுக் கைகூப்பிக் காட்டினான். எனக்குக் காது சுட்டது. ஊவேயிடம் போய், "அப்பாவுக்கு ஞாயிறு வேலை" என்றேன். "பாவம். பரவாயில்லை, வேறு கார் பார்க்கிறேன்" என்றார்.

வீட்டில் அப்பா, "ஞாயிறு எத்தினை மணிக்கு வெளிக்கிட வேணும்?" என்றார்.

"வேண்டாமாம் அப்பா. வேற ஆள் ஓடுறாராம்."

"ஆர்?"

"டிமோன்ர அப்பாவும் இன்னொருத்தரும்."

"அவரின்ர கார் சின்னனெல்லே?"

"காணுமாம்."

அம்மாதான் சத்தம் போட்டா: "அறுபது ரோல்ஸ் சுத்தி வைச்சிருக்கிறன், ஆர் தின்னுறது?" நாங்கள்தான் தின்றோம், மூன்று நாள்.

அந்த ஞாயிறு கொடுங்குளிர். மண்டபத்துக்கு முன்னால் நிற்கிறோம். ஊவே ஒழுங்கு செய்த பெரிய காரின் பற்றரி செத்துவிட்டது. இருந்த காருக்குள் எப்படி நெருக்கினாலும் ஐந்து பேர் மிச்சம். ஊவே தன் ஃபோனை என்னிடம் நீட்டினார். "ஒரு தரம் அப்பாவுக்கு எடுத்துப் பார். ஷிஃப்ட் முடிந்திருக்கலாம்."

எங்கள் வீடு அங்கிருந்து பத்து நிமிஷம். அப்பா வீட்டில்தான் இருந்தார்.

நான் ஃபோனை வாங்கிக்கொண்டு மண்டபத்தின் மூலைக்குப் போனேன். ஒரு எண்ணையும் அழுத்தவில்லை. காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். ஆறு தரம் மணி அடிக்கிற நேரத்தை மனதுக்குள் எண்ணினேன். திரும்பி வந்து, "எடுக்கவில்லை" என்றேன். டிமோ பையின் மேல் இருந்து அழுதுகொண்டிருந்தான். அவன் அழுது அதற்கு முதல் நான் கண்டதில்லை. பத்துப் பேர் சேராததால் அன்றைக்கு ஒருவரும் போகவில்லை.

நடந்து வீட்டுக்குப் போனபோது அப்பா குசினியில் இருந்தார். வெளியே போகிற ஜக்கெட் போட்டிருந்தார். "என்ன வெள்ளன வந்திட்டாய்?"

"மட்ச் இல்லையாம்."

மேசையில் நாலு தேசிக்காய் கிடந்தது. ஒன்றும் நசிந்திருக்கவில்லை. ஈரமாக இருந்தது, ஒன்றில் மண் ஒட்டியிருந்தது. கண்டேன். கேட்கவில்லை.

சில கிழமைக்குப் பிறகு, சுப்பர்மார்க்கெட்டில் வெறும் போத்தல் போட்டுக் காசு எடுக்கிற மெஷினுக்கு முன்னால் ஊவேயைக் கண்டோம். அணியை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்து இரண்டு நாள். "அந்த ஞாயிறு உங்களுக்கு வேலையாகிப்போனது பாவம்தான்" என்றார் அப்பாவிடம். இதை நான் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. அப்பாவுக்கு அவ்வளவு ஜெர்மன் தெரியும்.

அப்பா என்னைப் பார்த்தார். ஒரு போத்தலை மெஷினுக்குள் விட்டார். "யா, யா. ஆர்பைட். எப்பவும் ஆர்பைட்" என்றார். ஆர்பைட் என்றால் வேலை. பிறகு, "என்ட்ஷூல்டிகுங்" என்றார். என் பிழைக்கு என் முன்னால் மன்னிப்புக் கேட்டார். காருக்குள் ஏறியதும் சொன்னது ஒன்றே ஒன்று: "பால் எடுக்க மறந்திட்டம், ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வா."

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் பெடியள் அணி ஒன்று உருவாகவில்லை. டிமோ ஒரு வருஷம் பக்கத்து ஊருக்கு ரயிலில் போனான், பிறகு விட்டுவிட்டான். மண்டபத்தை இடிப்பதற்குக் கரண்ட் செலவு, பழைய குளிரூட்டி, பிள்ளைகள் குறைவு என்று நூறு காரணம் சொல்கிறார்கள். எல்லாம் உண்மைதான். நானும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு நாளும் நித்திரை கொண்டேன்.

இந்த ஞாயிறு யான் மகளை இறக்கி விட்டு, "இவரின் அப்பாதான் அந்த எலுமிச்சை அப்பா" என்று அவளுக்கு என்னைக் காட்டினான். "நான் இப்பவும் புதுக் கார் எடுத்தால் வைப்பேன். மனைவி சிரிப்பாள். அன்றைக்கு ஒன்று கொண்டுவந்து தந்தேனே, அவரிடம் கொடுத்தாயா?"

"கொடுத்தேன்" என்றேன். பாருங்கள், இன்னும் பழக்கம் போகவில்லை.

அது தாங்காமல்தான் ஊவேயிடம் போனேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "அந்த ஞாயிறு அப்பாவுக்கு வேலை இல்லை."

"தெரியும்" என்றார் ஊவே. "டிமோவை வீட்டில் இறக்கப் போகும்போது உங்கள் தெருவால்தான் போனேன். வான் நின்றது. நாலு சில்லுக்கும் முன்னால் எலுமிச்சை. வேறு எங்கோ புறப்படுகிறார், எங்களை ஏற்ற உன் அப்பாவுக்கு விருப்பமில்லை போல என்று நினைத்தேன். அதனால்தான் கடையில், அவருக்குச் சங்கடமில்லாமல், வேலை என்று நானே சொன்னேன்."

பதின்மூன்று வருஷமாக அப்பாவை அப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்பா யாரும் கூப்பிடாமலே அந்தக் குளிரில் இறங்கித் தேசிக்காய் வைத்துவிட்டு, ஒருவேளை யாருடையதாவது கார் வேலை செய்யாமல் போனால் என்று ஜக்கெட்டோடு இருந்திருக்கிறார்.

"அவருக்கு விருப்பம் இருந்தது" என்றேன். "அவர் ஷிஃப்ட்டும் மாற்றி வைத்தவர். நான்தான் வர வேண்டாம் என்று சொன்னேன். நீங்கள் தந்த ஃபோனில் ஒரு எண்ணையும் நான் அழுத்தவில்லை."

ஊவே தன் கோப்பையைச் சீமெந்துத் தரையில் வைத்தார். "எனக்குச் சொல்லி என்ன?" என்றார். "அவரிடம் சொன்னாயா?"

இல்லை. இதை எழுதும்வரை இல்லை. 'வேலை' என்று அப்பா ஃபோனில் சொன்னபோது அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது. விளங்கியும் "சரி அப்பா" என்று வைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் மண்டபம் இருக்காது. உடுப்பு மாற்றும் அறைக் கதவில் எங்கள் கடைசி வருஷத்து ஆட்டப் பட்டியல், ஊவேயின் கையெழுத்தில், இன்னும் ஒட்டியிருந்தது. கழற்ற மனம் வரவில்லை, படம் எடுத்துக்கொண்டேன். ஒரு அணி வராவிட்டால் மற்ற அணிக்கு எத்தனை கோல் கொடுப்பது என்று சட்டம் இருக்கிறது. கடைசி வரியில் எங்கள் ஊர்ப் பெயருக்கு நேரே, ஒருவரும் அடிக்காத கோல்களுக்கு ஊவே எழுதியிருந்தது: பூச்சியத்துக்கு ஐந்து.