பிடித்து வைத்த முதல் மாதம்

சலவைக்கடை முதலாளி தன்னிடம் வேலை செய்த ஏழு பேருக்கும் ஆளுக்கொரு மாதச் சம்பளம் கடன்பட்டிருந்தார். அதைக் கடன் என்று அவர் நினைத்ததே கிடையாது. வேலைக்குச் சேருகிறவரின் முதல் மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொள்வார். முறையாகச் சொல்லிவிட்டு விலகும்போதுதான் கொடுப்பார். அதற்கு அவர் வைத்த பெயர் நங்கூரம்.

அவரைச் சும்மா சொல்லக் கூடாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஓர் இஸ்திரிப் பெட்டியையும் கால் ஆடும் மேசையையும் வைத்துத் தொடங்கியவர். இன்று மூன்று ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் அவர் கடையில்தான் வெளுக்கின்றன. கறையைப் பார்த்தே காப்பியா தேநீரா, சர்க்கரை போட்டதா போடாததா என்று சொல்லிவிடுவார். பட்டம் வாங்கின எவனாவது சொல்லட்டும், பார்ப்போம்.

தொழிலாளர் சட்டம் மாறியது. இனி யாருடைய சம்பளத்தையும் பிடித்து வைக்கக் கூடாது, ஏற்கெனவே பிடித்ததையும் திருப்பித் தந்துவிட வேண்டும். சின்னக் கடைக்காரர்களுக்கு இதையெல்லாம் விளக்கிச் சொல்ல வியாபாரிகள் சங்கம் ஒருத்தியை அமர்த்தியது. அவள் வேறு யாருமில்லை, முதலாளியின் மைத்துனிதான். அதே தெருவின் அச்சகக்காரர் அவளைக் கண்டதும் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாராம். அவள் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கதவுக்கே சட்டம் முழுவதையும் சொல்லி முடித்தாளாம்.

நம்மவருக்கு ஓடி ஒளியும் பழக்கமில்லை. நீராவி நிரம்பிய கூடத்தில் துணி மூட்டைமேல் அவளை உட்காரவைத்தார். அபராதம் எவ்வளவு என்று அவள் சொன்னது காதில் ஏறவில்லை. அவர் பயம் வேறு. இஸ்திரி போடும் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் மடித்த சட்டையும் விரிப்பும் அட்டைபோல் விறைத்து நிற்கும். ஓட்டல்காரர்கள் வருவதே அவள் கைக்காகத்தான். எதிரே புதிதாகத் திறந்த கடை அவளுக்கு வலை வீசிக்கொண்டிருந்தது. நங்கூரத்தைத் தூக்கினால் மறுநாளே அங்கே போய் நிற்பாள்.

"அத்தான், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. வேற கடையில வேலை கத்துக்கிட்ட ஆள் யாராவது இதுவரைக்கும் உங்ககிட்ட வந்து சேர்ந்திருக்காங்களா?"

யோசித்துப் பார்த்தார். ஒருவர்கூட இல்லை. வந்ததெல்லாம் கத்துக்குட்டிகள். எத்தனை காலர்கள் கருகின, எத்தனை பேருக்குப் புதுச்சட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறார்! தன் ராசி அப்படி என்றே இருந்துவிட்டார்.

"ராசியாவது மண்ணாவது. வேலை தெரிஞ்சவங்களுக்கு உங்க நங்கூரமும் தெரியும். சம்பளமில்லாம ஒரு மாசம் கஷ்டப்படணும்னு அவங்களுக்கு என்ன தலையெழுத்தா?"

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. புதுக் கறையைக் கண்டால் வருமே, அந்தக் குறுகுறுப்புதான் வந்தது. அப்படியானால் இருக்கிறவர்கள் எதற்காக இருக்கிறார்கள்? நங்கூரத்துக்காகவா, வேறு எதற்காகவாவதா? இத்தனை வருடத்தில் யாரிடமும் அவர் கேட்டதில்லை. மைத்துனியைக் கேட்டார். அது சட்டத்தில் இல்லை என்று அவள் கைவிரித்துவிட்டாள். போனாலும் கவலைப்பட வேண்டாத ஓர் ஆளுக்கு முதலில் கொடுத்து ஆழம் பார்க்கலாமே என்று மட்டும் சொன்னாள்.

"ஓரத்துல கால் வச்சா ஆழம் தெரியுமா? நடு ஆத்துலதான் இறங்கிப் பாக்கணும்," என்று சொல்லிவிட்டு, இஸ்திரிக்காரியையே கூப்பிட்டார்.

"உன் முதல் மாசச் சம்பளத்தை இப்பவே தரேன். வாங்கிக்கிட்டு எதிர்க்கடைக்குப் போயிடுவியா?"

அவள் சுற்றி வளைக்கவில்லை. அங்கே கூடுதலாகத் தருவதாகச் சொன்னது உண்மைதான் என்றாள். இந்தக் கடைமேல் பிடிப்பா, பிடித்து வைத்த பணத்தின்மேல் பிடிப்பா என்று தானும் யோசித்ததுண்டு. போக வழியில்லாதவளுக்கு அது எப்படிப் புரியும் என்றாள்.

"எனக்கே தெரியல முதலாளி. குடுத்துப் பாருங்க."

மைத்துனி மூட்டையிலிருந்து மெல்ல எழுந்து நின்றாள். அவர் பணப்பெட்டியைத் திறந்தார். சூட்டில் சிவந்த கை அவர்முன் விரிந்தது. விரலில் எச்சில் தொட்டு, வாய்விட்டு எண்ணி, ஒவ்வொரு நோட்டாக அதில் வைத்தார்.