கை தூக்கினால் வந்த அருள்

கணவர் போனபின் காட்டுப்பாக்கம் வீட்டில் நான் ஒருத்திதான். மகள் புனேயில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல் தெருமுனை அம்மன் கோயிலுக்குப் போவேன். ஒருநாள் தீபாராதனையில் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, அண்ணாந்து அம்மன் முகத்தைப் பார்த்தேன். கண் இருட்டியது. உடம்பு ஆடியது. விழுந்துவிட்டேன்.

“தள்ளுங்கடி, ஆத்தா வந்துகீது!” என்று கத்தியது எதிர்வீட்டுக்காரி.

அதன்பிறகு கை தூக்கும்போதெல்லாம் அப்படித்தான். பூசை முடிந்ததும் பெண்கள் என் வீட்டுக்கே வருவார்கள்.

“எம்பொண்ணுக்குக் கண்ணாலம் எப்போ ஆவும்? ஆத்தா இன்னாக்கா சொல்லுச்சு?” என்பாள் எதிர்வீட்டுக்காரி.

எனக்கு ஒன்றும் நினைவிருக்காது. “நல்லபடியா நடக்கும்மா” என்று திருநீறு பூசிவிடுவேன். யாரும் மிதிக்காத என் வாசலில் பத்து ஜோடி செருப்பு கிடந்தது. அது எனக்கு வேண்டியிருந்தது.

இடது கை மரத்துக் குழம்புச் சட்டியைக் கீழே விட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தக் கையில் பிபி வரவில்லை என்று நர்ஸம்மா மிஷினையே மாற்றினார். பிறகு நாடியைத் தேடிப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். ரத்தக்குழாய்ச் சுவர் வீங்கிச் சுருங்கும் அபூர்வமான நோயாம். கழுத்துக் குழாய் நூலாகிவிட்டதாம்.

“கையைத் தூக்கி அண்ணாந்தா மூளைக்கு ரத்தம் பத்தலம்மா, அதான் மயக்கம். விட்டா பக்கவாதம் வந்துரும்” என்றார் டாக்டர்.

அப்போ ஆத்தா வரலீங்களா என்று நாக்கு நுனிவரை வந்தது.

பல மாதம் மாத்திரையில் வீக்கத்தை அடக்கிவிட்டு ஸ்டென்ட் வைத்தார்கள். மகள் மூன்று நாள் லீவில் வந்து கையெழுத்துப் போட்டாள். கழுத்தை அறுக்கவில்லை, தொடை வழியாக மெல்லிய குழாய். நான் விழித்தே இருந்தேன். மூளை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அமுக்கினால் கீச்சிடும் பொம்மை ஒன்றை வலது கையில் கொடுத்திருந்தார்கள். சொன்னபோதெல்லாம் அமுக்கினேன். அந்த அறையில் எனக்கு அதுதான் துணை.

உடம்பு தேறிக் கோயிலுக்குப் போன முதல் வெள்ளி, நான் விழுவதற்கு இடம் விட்டு எல்லாரும் விலகி நின்றார்கள். கை தூக்கினேன். தலை சுற்றவில்லை. கொஞ்சம் ஆடியிருந்தால் போதும், யாருக்கும் தெரியாது. அம்மன் முகத்துக்கு முன்னால் நடிக்க மனசு வரவில்லை.

“ஆத்தா கோச்சுகிச்சா, அக்கா?” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

“இல்லம்மா. எனக்குக் கழுத்துல ரத்தக்குழா அடைப்பு. அந்த மயக்கம்தான் அது. இப்ப சரி பண்ணிட்டாங்க.”

“அப்போ எம்பொண்ணு கண்ணாலம்?”

அடுத்த வாரம் வாசலில் என் செருப்பு மட்டும்தான்.

முன்பெல்லாம் பாதியில் விழுந்துவிடுவேன். இப்போது கற்பூரம் அணையும்வரை நிற்கிறேன். கடைசிச் சுடரில் அம்மன் மூக்குத்தி எப்படி மின்னுகிறது தெரியுமா? வீட்டுக்கு வந்து சொல்லத்தான் ஆளில்லை.