தம்பிக்கு நான் எழுதி வாங்கிய தனி அறை

இந்தப் பயணப் பக்கத்தில் வால்பாறை, மேட்டுப்பாளையம் என்று படித்துப் பழகியவர்கள் மன்னிக்கவும். போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் போனது ஜெயிலுக்கு. கோவைப் பக்கம், பேர் வேண்டாம். என் தம்பி குமார் அங்கே விசாரணைக் கைதி. வரப்புத் தகராறில் பங்காளியின் மண்டையை உடைத்துவிட்டான். வாரம் ஒருமுறை பார்க்கலாம். முதல் வாரம் ஒருமுறை பார்த்ததோடு சரி, தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று ஆறு வாரமாக நான் போகவில்லை. "ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்கண்ணா" என்று வக்கீல் சரஸ்வதி போன் செய்த பிறகுதான் கிளம்பினேன்.

வெள்ளகோவிலில் காலை 5.40க்குக் கரூரிலிருந்து வரும் கோவை வண்டி. சிங்காநல்லூர் வரை கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், எழுபது ரூபாய், இரண்டே முக்கால் மணி நேரம். பல்லடத்தில் ஐந்து நிமிடம் நிற்கும். டீ குடிக்க இறங்கினால் கண்டக்டரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். சிங்காநல்லூரிலிருந்து ஆட்டோ.

"ஏனுங்க, மனுப் பாக்கப் போறீங்களா?" என்றார் ஆட்டோக்காரர். கைதியைச் சந்திப்பதற்கு இங்கே அதுதான் பேர்.

"இல்லீங்க, பக்கத்துல ஒரு ஆபீசு" என்று சொல்லி இரண்டு தெரு முன்னாலேயே இறங்கிக்கொண்டேன். வெயிலில் பதினைந்து நிமிடம் நடந்தேன். வேண்டும் எனக்கு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குமார் வந்து உட்கார்ந்தான். முகத்தில் தாடி, கண் என்மேல் நிற்கவில்லை. ரிசீவரை எடுத்தவன், "பேசுங்கண்ணா. எதாச்சும் பேசிட்டே இருங்க" என்றான். மழை பெய்ததா, எருமை கன்று போட்டதா என்று கேட்டான். பதிலுக்குக் காத்திருக்காமல் மறுபடியும் அதையே கேட்டான். பிறகு, "என்ன தப்புப் பண்ணுனன்னு தெரியலீங்கண்ணா. யாரோ எழுதிக் குடுத்து என்னைத் தனியாப் போட்டுட்டாங்க. செவுத்தோடதான் பேசறேன்" என்றான்.

எழுதிக் கொடுத்தது நான். முதல் வாரம் பார்த்தபோது, வேறொரு வழக்கில் உள்ளே இருந்த எங்கள் ஊர்க் கிழக்குத் தெரு சண்முகத்தோடு ஒரே தட்டில் சாப்பிடுவதாகச் சந்தோஷமாகச் சொன்னான். அந்தத் தெருவிலிருந்து எங்கள் காட்டு வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனி டம்ளர் வைத்த வீடு எங்களுடையது. அன்றைக்கே உட்கார்ந்து, சக கைதிகளால் உயிருக்கு ஆபத்து, தனி அறை வேண்டும் என்று ஜெயில் ஆபீசில் எழுதிக் கொடுத்தேன். தம்பிக்கு லாட்ஜில் ரூம் போட்டுக் கொடுத்த நினைப்பு எனக்கு.

வெளியே வேப்பமரத்தடியில் சரஸ்வதி நின்றிருந்தார். அவர் அப்பாவும் எங்கள் காட்டில் கடலை பிடுங்கியவர்தான். ஊரில் மற்ற வக்கீல்கள் எல்லாம் அந்தப் பங்காளிக்குச் சொந்தமாகிப் போனதால் அவரிடம் வந்தேன். அவரை மேடம் என்று கூப்பிட என் நாக்குக்கு ஒரு மாதம் பிடித்தது.

"தனிச்சிறைன்னு கோர்ட்டுதாங்கண்ணா தண்டனை குடுக்கோணும். அதுலயும் ஒரே மூச்சா பதினாலு நாளுக்கு மேல அடைக்கக் கூடாது. மொத்தமாக் கூட்டுனாலும் மூணு மாசந்தான். உங்க தம்பிக்கு இன்னும் தீர்ப்பே வரலை. நாப்பத்தொரு நாளு ஆயிப்போச்சு. பாதுகாப்புன்னு பேரு வெச்சா மட்டும் அது வேறயாயிருமா? ஜெயில்காரங்களையும் நான் கேக்கத்தான் போறேன். ஆனா ஆரம்பிச்சது உங்க கடுதாசி. யாருங்க மிரட்டுனது?"

"யாருமில்லீங்க மேடம்."

"அப்பறம் ஏனுங்க எழுதுனீங்க?"

அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டு தட்டு விஷயத்தைச் சொன்னேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்து, "அதை அப்படியே எழுதுங்க" என்றார். சண்முகத்தின் பெயரோடு, நான் சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கூசியது.

இனிப் போகிறவர்களுக்கு: ஆதார் அசலும் நகலும் வேண்டும். செல்போன் உள்ளே கொண்டுபோக முடியாது. பத்து மணிக்குள் வரிசையில் நில்லுங்கள். உள்ளே இருப்பவருக்குத் தனி அறை கேட்காதீர்கள். ஆட்டோவில் மனுப் பார்க்க என்றே சொல்லுங்கள், வாசலிலேயே இறக்கிவிடுவார்கள்.

அடுத்த செவ்வாய் நான் அப்படித்தான் போய் இறங்கினேன். குமாரைப் பொதுப் பிளாக்குக்கு மாற்றியிருந்தார்கள். தாடி எடுத்திருந்தான், சண்முகம்தான் பக்கத்தில் நின்று எடுக்க வைத்தாராம். "யாருங்கண்ணா அப்படி எழுதிக் குடுத்தது?" என்று கேட்டான்.

"நாந்தாண்டா" என்றேன்.

ரிசீவரை வைத்துவிட்டான். பதினைந்து நிமிட மனுவில் இன்னும் பத்து நிமிடம் இருந்தது. எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. என்னைப் பார்க்காமல், மணி அடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தான்.