ஓலை வாசித்தபோது நான் எழவில்லை

என் பேரன் அமலனின் சாவுக்கு நான் காரணம். அவன் பிறப்பதற்கு முன்பே, அவன் அப்பா அம்மாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே, இப்படி ஒரு பிள்ளை பிறக்கக்கூடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? நான் கத்தோலிக்கன். கோவிலில் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன் முழங்காலிட்டுச் சொன்னால், சாமியார் சில செபங்களைச் சொல்லச் சொல்லிவிட்டு மன்னிப்பு வழங்கிவிடுவார். கோப்பு முடிந்துவிடும். வாழ்நாளெல்லாம் கோப்புகளை முடித்து வைத்தவன் நான். இந்த ஒன்று அவ்வளவு சுலபமாக முடியக்கூடாது. உங்களுக்கு என்னை மன்னிக்கும் அதிகாரம் கிடையாது. அதனால்தான் உங்களைத் தேர்ந்தெடுத்தேன்.

திண்டுக்கல் கலெக்டர் ஆபீசில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். எந்த மனு எந்த மேசைக்குப் போகும், எங்கே தூங்கும், அதை எழுப்ப என்ன எழுத வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. முறைப்படி செய்தால் எதுவும் தப்பாகாது என்று நம்பிய கூட்டத்தில் கடைசி ஆள் நானாக இருக்கலாம்.

எங்கள் குடும்பத்தில் ஆண்கள் சீக்கிரம் போய்விடுவார்கள். அப்பா பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே நாற்காலியில் சாய்ந்தார். சித்தப்பா பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் விழுந்தார். எனக்கும் என் தங்கை ஆரோக்கியத்துக்கும் கண்ணிமை ஓரத்தில் மஞ்சளாக ஒரு படலம் உண்டு. அதை முகராசி என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

தொண்ணூறுகளின் நடுவில் சென்னையிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். பரம்பரையாக வரும் கொழுப்பு நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர். மாவட்டத்தில் ரத்த மாதிரி எடுக்க அனுமதி கேட்டு என் மேசைக்கு வந்தார். அவருடைய விண்ணப்பத்தை நான் படித்துக்கொண்டிருக்க, அவர் என் கண்ணிமையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், உங்க அப்பா எந்த வயசுல இறந்தாங்க?" என்றார்.

அப்படித்தான் அவர் எங்கள் வீட்டுக்குள் வந்தார். வடமதுரையில் ஆரோக்கியத்தின் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூட்டினேன். அவள் கணவர் சூசை, பள்ளி ஆசிரியர், மஞ்சள் காமாலையில் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மகள் ஸ்டெல்லா ஆசிரியர் பயிற்சியில் இருந்தாள்.

"வெறும் வயித்துல நிக்கணுமாம்ல. கோழியடிச்சு வச்சிருக்கேன். செத்த நேரத்துல ஊசிய முடிக்கச் சொல்லுண்ணே" என்றாள் ஆரோக்கியம்.

"கொழுப்பப் பாக்க வந்தவருக்குக் கோழிக் கொழம்பா அத்தை? நல்லா ஊத்துங்க" என்றான் என் மகன் சேவியர்.

"மொதல்ல ஒன் கொழுப்பப் பாக்கச் சொல்றேன் இரு" என்று உள்ளேயிருந்து ஸ்டெல்லாவின் குரல் வந்தது. எல்லோரும் சிரித்தோம். டாக்டரும் சிரித்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு டாக்டர் விளக்கினார். ரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பைப் பிடித்து இழுக்கும் கொக்கி போன்ற ஒன்று ஈரலில் இருக்கிறது. அதைச் செய்யச் சொல்லும் மரபணு எங்கள் குடும்பத்தில் பழுது. வெளிநாட்டில் ஈரலில் ஒரு துண்டை எடுத்து, அதன் செல்களுக்குள் நல்ல மரபணுவை வைரஸ் மூலம் ஏற்றி, மறுபடி உடம்புக்குள் செலுத்திப் பார்க்கிறார்கள். சில வருடங்களில் இங்கேயும் வந்துவிடும். உங்கள் ரத்தம் அதற்கு உதவும்.

'சில வருடங்களில்' என்று ஓர் அரசாங்க அதிகாரி சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். நானே எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன்... வெள்ளைக் கோட்டு போட்டவர் சொன்னதும் நம்பினேன்.

சில மாதங்கள் கழித்து அவர் மறுபடி வந்தார். ஆபீசுக்கு வெளியே டீக்கடைக்கு அழைத்துப் போனார்.

"இதை அவங்கவங்ககிட்ட தனித்தனியாத்தான் சொல்லணும். முறை அதுதான். ஆனா நீங்க குடும்பத்துக்குப் பெரியவர்..." என்று இழுத்தார்.

முறை தவறுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் குடும்பத்துக்குப் பெரியவர் என்ற சொல் இனித்தது. தலையாட்டினேன்.

எனக்கு, ஆரோக்கியத்துக்கு, சேவியருக்கு, ஸ்டெல்லாவுக்கு, நால்வருக்கும் பழுதான மரபணு ஒன்று இருக்கிறது. ஒன்று மட்டும் இருந்தால் மாத்திரை கேட்கும். எனக்கு அன்றே மாத்திரை எழுதிக் கொடுத்தார். இன்றைக்கு வரை அதுதான் என்னை உயிரோடு வைத்திருக்கிறது.

"சேவியருக்கும் ஸ்டெல்லாவுக்கும் பேசி வச்சிருக்கோம் டாக்டர். அத்தை மகள் முறை" என்றேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார். "ரெண்டு பக்கமும் இருந்து ஒரே குழந்தைக்கு வந்துட்டா மாத்திரை பெருசா உதவாது சார். சின்ன வயசுலயே மாரடைப்பு வரும். நாலுல ஒரு பங்கு வாய்ப்பு, ஒவ்வொரு குழந்தைக்கும். அவங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை.

சூசை சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்டெல்லா ஒங்க வீட்டுக்குத்தான் மச்சான்" என்றார். சரி என்றிருந்தேன். கல்யாணத்தை நிறுத்தினால், தகப்பன் இல்லாத பெண்ணை ரத்தத்தில் குறை என்று ஒதுக்கியதாக ஊர் பேசும். வேறு யார் கட்டுவார்கள்? இப்படி எத்தனையோ நியாயங்கள்... எல்லாம் அரசாணை எண் போட்டு எழுதக்கூடிய அளவுக்குச் சுத்தமான நியாயங்கள். அவற்றுக்கு அடியில் இருந்தது இதுதான்: கொடுத்த வாக்கை மீறியவன் என்று பெயர் எடுக்க எனக்குப் பயம். நாலில் ஒன்று என்றால் மூன்று பங்கு நம் பக்கம் என்று கணக்குப் போட்டேன். யாருடைய பிள்ளையை வைத்துப் போடுகிறோம் என்று யோசிக்கவில்லை.

சேவியரிடம், "கொழுப்பு கொஞ்சம் கூட இருக்காம், எண்ணெயைக் குறை" என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் சபையில் அத்தை மகளையோ மாமன் மகளையோ கட்ட, ஆயரிடம், அதாவது பிஷப்பிடம், விதிவிலக்கு வாங்க வேண்டும். ரத்த உறவு ஒரு தடை. பலர் அந்த விண்ணப்பத்தை எழுதத் தெரியாமல் அலைவார்கள். நான் ஒரே மூச்சில் எழுதினேன். பெண் தகப்பனில்லாதவள், தகுந்த வரன் வேறு இல்லை, இரு குடும்பங்களும் முன்பே வாக்குக் கொடுத்தவை. ஒரு கேள்வியும் திரும்பி வராமல் அனுமதி வந்தது. பங்குச் சாமியாரே பாராட்டினார். பாராட்டிவிட்டு, சம்பிரதாயமாக, "வேற தடை ஏதும் இல்லையே சார்?" என்று கேட்டார்.

"இல்ல சாமி."

பிறகு ஓலை வாசித்தார்கள். உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பூசையில் மணமக்கள் பெயரைச் சொல்லி, இவர்கள் சேருவதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று அறிவிப்பார்கள். அந்தக் கோவிலில் அன்று அந்தத் தடையை அறிந்தவன் நான் ஒருவன்தான். மூன்று ஞாயிறும் முன்வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். இதுவரை கேள்விப்படாத ஒன்றைக் கேட்பதுபோலக் கவனமாகவும் கேட்டேன்.

அமலன் பிறந்தான். கொழுகொழுவென்று இருந்தான். மூன்று பங்கு நம் பக்கம்தான் என்று நிம்மதியானேன். ஐந்து வயதில் அவன் குதிகாலிலும் விரல் மூட்டுகளிலும் மஞ்சளாகக் கட்டிகள் புடைத்தன. செருப்புக் கடி என்று ஸ்டெல்லா தேங்காயெண்ணெய் தடவினாள். மதுரையில் ரத்தம் பார்த்தவர்கள் அந்த அளவை நம்பாமல் இரண்டாம் முறை எடுத்தார்கள். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று அங்கேதான் அவளுக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள். "மாமா, கல்யாணத்துக்கு முன்னாடியே அந்தச் சென்னை டாக்டர் நம்ம ரத்தத்த எடுத்துட்டுப் போனாரே. அவருக்குத் தெரிஞ்சிருக்கும்ல? ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாசல் திறந்தே இருந்தது.

"அவனுங்க அப்படித்தாம்மா. ஆராய்ச்சிக்கு ரத்தம் வேணும், எடுத்துட்டுப் போயிட்டானுங்க. நம்மள ஏமாத்திட்டானுங்க" என்றேன்.

செய்தி கேட்டு அந்தச் சென்னை டாக்டரே வந்தார். அமலனின் தோலில் சிறு துண்டு வேண்டுமாம். இரண்டு பக்கமும் சேர்ந்த பிள்ளை அவர்களுக்குக் கிடைப்பது அரிதாம். கிடைப்பது என்றே சொன்னார். ஜீப்புக்குப் பின்னால் என்னைத் தனியாக நிறுத்தினார்.

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நினைச்சேன் சார்."

நான் ஜீப்பின் நம்பர் பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"நானும் நேரா சொல்லியிருக்கணும். என் பேர்லயும் தப்பு இருக்கு. இதை ரெண்டு பேரும் பேசாம விட்டுடறது நல்லது. பையனுக்கு வெளிநாட்டு மரபணு சிகிச்சையில இடம் வாங்கித் தர்றது என் பொறுப்பு."

அப்படி ஓர் ஒப்பந்தம். சாட்சியும் இல்லை, முத்திரையும் இல்லை. வெளிநாட்டுச் சிகிச்சை என்று நான் சொன்னதும் ஸ்டெல்லா அவரிடம் எதையும் கேட்காமல் சம்மதித்தாள். அமலன் கையைக் கடித்துக்கொண்டு தோலைக் கொடுத்தான். டாக்டர் அவனுக்கு ஒரு பொம்மைக் கார் கொடுத்துவிட்டுப் போனார்.

திரும்ப வரவில்லை. அவர் ஆபீசுக்குப் போன் போட்டால், முதலில் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். பிறகு, ஈரல் சிகிச்சை எதிர்பார்த்த பலன் தரவில்லை என்றார்கள். எங்கோ வேறொரு நோய்க்கான மரபணு சிகிச்சையில் ஓர் இளைஞன் இறந்துபோனதால் எல்லோரும் பின்வாங்குகிறார்கள் என்றார்கள். கடைசியாக, டாக்டர் வெளிநாடு போய்விட்டார் என்றார்கள்.

ஏமாற்றப்பட்டேன். அதில் சந்தேகமில்லை. அந்த மனிதனை இன்றும் மனதுக்குள் திட்டாத நாளில்லை. ஆனால் திண்டுக்கல்லில் பாதிப் பேருக்கு முறையீடு எழுதிக் கொடுத்த என்னால், அவர் மேல் ஒரு வரி எழுத முடியவில்லை. எழுதினால் அவர் பதில் எழுதுவார். அந்தப் பதிலில் டீக்கடை இருக்கும்.

அமலன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு காலையில் பள்ளிக்குக் கிளம்பி ஷூ மாட்டக் குனிந்தான். நிமிரவில்லை.

அடக்கத்தன்று ஆரோக்கியம் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லேன்னா இம்புட்டு நாளு வச்சிருந்திருப்போமா அண்ணே, எம்புட்டு ஓடுன..." என்று அழுதாள். நான் அவளைத் தட்டிக்கொடுத்தேன்.

இப்போது ஜெனி இருக்கிறாள். அமலனின் தங்கை, நாலு வயது. அவன் நோய் தெரியவந்தபோது ஸ்டெல்லாவின் வயிற்றில் இருந்தவள். அவளுக்கும் அதே நாலில் ஒன்று.

போன மாதம் மதுரையிலிருந்து ஒரு பெண் டாக்டர் வீட்டுக்கு வந்தார். வயதில் சின்னவர். அமலனைப் பற்றிக் கேள்விப்பட்டாராம். ஜெனிக்கு ஒரு முறை ரத்தம் பார்க்கலாம் என்றார். இந்த வயதிலேயே தெரிந்தால் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம் இருக்கிறது, புதிய மருந்துகள் வருகின்றன, மரபணு சிகிச்சையைப் பற்றி இப்போதைக்கு எந்த வாக்குறுதியும் தர முடியாது என்றார். வாக்குறுதி தராத டாக்டரை முதல் முறையாகப் பார்த்தேன்.

ஸ்டெல்லா ஜெனியைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். "ஒரு பிள்ளையக் குடுத்தாச்சு. இனி சொட்டு ரத்தம் தர மாட்டேன். ஒங்க ஆளுங்க தெரிஞ்சே சொல்லாம விட்டவங்க."

"யாரு விட்டாங்க மேடம்?" என்று அந்த டாக்டர் கேட்டார்.

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மாமாட்ட கேளுங்க. அவருக்கு எல்லாம் தெரியும். சொல்லுங்க மாமா, இவங்கள நம்பலாமா?"

சேவியர் பார்த்தான். டாக்டரும் பார்த்தார்.

ஒரு வாக்கியம் போதும். அதைச் சொன்னால் ஜெனியின் கை அந்த ஊசிக்கு நீளும். ஸ்டெல்லா இந்த வீட்டில் இருப்பாளா, சேவியர் என்னை அப்பா என்பானா, தெரியாது.

"உன் இஷ்டம்மா" என்றேன்.

டாக்டர் தன் தொலைபேசி எண்ணை எழுதி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். ஸ்டெல்லா அதைக் கிழித்துப் போட்டாள்.

இதை எழுதும் இன்று காலை ஜெனி நகம் வெட்டிவிடச் சொல்லி என் மடியில் உட்கார்ந்தாள். வெட்டினேன். வெட்டி முடித்தும் கையை விடாமல், அவள் விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. பிறகு குதிகால்களைப் பார்த்தேன். அங்கேயும் ஒன்றுமில்லை.

நாளைக்கும் பார்ப்பேன். பேசத் துணிவில்லாதவனுக்குத் தடவிப் பார்ப்பதுதான் மிச்சம்.