கம்பியக்கா காட்டிய பூஜ்யம்

ஆய்வகத்தில் அவளுக்குக் கம்பியக்கா என்றே பேர். பேட்டரி சார்ஜ் ஏறும்போது உள்ளே எந்தப் பக்கம் என்ன ஆகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே அளவைத்தான் காட்டும். நடுவில் மூன்றாவது ஆளாக ஒரு கம்பியை நுழைத்து, அதை வைத்துத்தான் ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக அளக்க வேண்டும். முடியைவிட மெல்லிய தங்கக் கம்பி, நுனியில் லித்தியப் பூச்சு. தங்கம்தான், ஆனால் காதில் போட முடியாது. அதைச் செய்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தத் தலைக்கனமும் அவளுக்குக் கொஞ்சம் உண்டு.

அவள் தங்கையும் அங்கேதான் ஆராய்ச்சி செய்தாள். வேகமாக சார்ஜ் ஏற்றினாலும் கெடாத ஒரு புதுப் பொருள். அவள் வேலையே அதை நம்பித்தான் இருந்தது. ஆனால் சோதித்தபோதெல்லாம் அளவு பூஜ்யத்துக்குக் கீழே போயிற்று. லித்தியம் உள்ளே நுழையாமல் மேலேயே படிகிறது, பொருள் தேறாது என்று அதற்கு அர்த்தம்.

“அக்கா, ஒருவேளை கம்பியில ஏதாச்சும்...”

“என் கம்பியவா சொல்ற? உன் பொருள் சரியில்லன்னா கம்பி என்னடி பண்ணும்?”

சொன்ன கையோடு நாலைந்து கம்பிகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுக் காட்டினாள். எல்லாம் ஒரே அளவு. வருடக் கடைசியில் தங்கையின் திட்டத்தை மூடிவிட்டார்கள். அவள் வேறு ஊரில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் சேர்ந்தாள்.

முறைப்படி, புதிதாகச் சுரண்டிய லித்தியத் துண்டோடுதான் கம்பியை ஒப்பிட வேண்டும்; அதுதான் உண்மையான பூஜ்யம். காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் தடித்த ரப்பர் கையுறையோடு சுரண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால் கம்பியோடு கம்பியை வைத்துப் பார்ப்பதே அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

வருடங்கள் கழித்து, வேறு வேலைக்காக லித்தியத்தைச் சுரண்டியவள், சும்மா கம்பிகளையும் அதனோடு வைத்துப் பார்த்தாள். எல்லாமே ஒரே அளவுக்குத் தள்ளிக் காட்டின. ஒரே நாளில் பூசி, ஒரே திரவத்தில் வாரக்கணக்கில் கிடந்தவை. பூச்சும் ஒன்றுபோலவே கரைந்திருந்தது. எல்லாம் கூட்டுக் களவாணிகள்.

அன்று தங்கைக்குக் கொடுத்த கம்பிகளும் இப்படிச் செய்தவைதான். தங்கையின் பொருளில் மிச்சம் இருந்ததைத் தேடி எடுத்து, புதுக் கம்பி செய்து, ஒழுங்காகச் சரிபார்த்துச் சோதித்தாள். அளவு ஒருமுறைகூடப் பூஜ்யத்துக்குக் கீழே போகவில்லை.

யாருக்குத் தெரியப்போகிறது, விட்டுவிடலாமா என்றும் நினைத்தாள். மனசு கேட்கவில்லை. மாடிப்படியில் நின்று போன் போட்டு, ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள். தங்கை நன்றாகத் திட்டினால் தேவலை என்றிருந்தது.

“அப்போ நான் செஞ்சது சரியாதான் இருந்துச்சா?”

“சரியாதான் இருந்துச்சுடி.”



“எனக்குத்தான் மூளை பத்தலைன்னு நெனச்சுட்டேன்க்கா. பையன் கணக்குல சந்தேகம்னு வந்தாக்கூட, அப்பாகிட்ட கேளுன்னு அனுப்பிடுவேன்.”