இரண்டு மணித் தாலாட்டு

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது புண்ணியத் தொழில் என்று சொல்பவர்கள் யாரும் பகல் இரண்டு மணிக்கு எங்கள் தஸ்காவுக்கு வந்ததில்லை.

தஸ்கா என்றால் குழந்தைப் பராமரிப்பு இல்லம். ஈப்போ புந்தோங்கில், வரிசை வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து நானும் பரிமளாவும் நடத்துகிறோம். சாப்பாடு முடிந்து, மெத்தை விரித்து, விளக்கை அணைத்து, "கண்ண மூடுங்க" என்றதும், அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு தெம்பு வருமோ! ஒருவனுக்குத் தண்ணீர், ஒருத்திக்கு அம்மா, இன்னொருவனுக்குப் பக்கத்து மெத்தை. வீட்டில் பிள்ளை வைத்திருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டவர்கள்தானே.

எங்களுக்குக் கூடுதலாக ஒரு சுவர். அதற்கு அந்தப் பக்கம் குணா அண்ணே. கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை என்பதால் பகலில்தான் தூங்குவார். எங்கள் பக்கம் சத்தம் கூடினால் சுவரைத் தட்டுவார். போன மாதம் வீட்டுக்காரரிடமே போய்ச் சொல்லிவிட்டார். இன்னொரு புகார் வந்தால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் வீட்டுக்காரர். பிள்ளைகள் கத்துவதைக் கேட்ட பிறகு இந்த வட்டாரத்தில் எனக்கு யார் வீடு கொடுப்பார்கள்? தஸ்காவை இழுத்து மூட வேண்டியதுதான்.

நல்லவேளையாக என்னிடம் ஓர் ஆயுதம் இருந்தது. என் தாலாட்டு. தமிழ்ப்பள்ளியில் படித்தபோது பாட்டுப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கியவள் நான்.

தொட்டில் மகாராஜா

தெலுக் இந்தானிலிருந்து மாறி வந்த குடும்பத்துப் பிள்ளை தர்ஷன். நான்கு வயதாகியும் வீட்டில் ஸ்பிரிங் தொட்டில்தான். இரும்புக் கம்பியில் ஸ்பிரிங் மாட்டி, சாரோங் துணியைத் தொங்கவிட்டால் மேலும் கீழும் குதிக்குமே, அதேதான். எங்கள் மெத்தையைக் கண்டதும் முள்ளில் படுக்கச் சொன்னதுபோல் உருண்டு புரண்டு அழுதான். மறுநாள் அவன் அம்மா தொட்டிலையே காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

கைக்குழந்தைக்கு வாங்கிய தொட்டில் அது. மகாராஜா ஏறியதும் அவன் பின்புறம் தரையைத் துடைத்தது. அதைப் பார்த்த மற்றவர்கள் "எனக்கு, எனக்கு" என்று வரிசையில் நின்று அழுதார்கள். நான் ஒரு கையால் ஆட்டிக்கொண்டே தாலாட்டை எடுத்துவிட்டேன். உடனே சுவரில் தட்டல். அழுகைச் சத்தம் அவருக்குக் கேட்கக் கூடாதே என்று நான் இன்னும் உரக்கப் பாடினேன். மாலையில் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. தொட்டில் இங்கேயே இருக்கட்டும், வீட்டில் மெத்தையில் பழக்குங்கள் என்று அவன் அம்மாவிடம் கெஞ்சினேன். அவர் பதறிப்போனார்.

"ஐயோ, அத இங்க வச்சிக்கிறாதீங்க டீச்சர்! அத ஆட்டிக்கிட்டே இருந்தாத்தான் அவுங்கப்பாவுக்குத் தூக்கம் வருது லா!"

வாசம் போன தலையணை

கவினேஷிடம் ஒரு குட்டித் தலையணை உண்டு. நம் ஊரில் பாதிப் பிள்ளைகளிடம் இருப்பதுதான். 'பந்தால் பூசோக்' என்போம். நாற்றத் தலையணை என்று அர்த்தம். பெயருக்குக் குறை வைக்காத தலையணை. பால், எச்சில், மூக்குச்சளி எல்லாம் ஊறிய அதை முகர்ந்தால்தான் அவன் கண் சொக்கும். நாங்கள் அதை இரண்டு விரலால்தான் தூக்குவோம்.

பரிமளாவுக்குச் சுத்தம் என்றால் உயிர். ஒரு காலை, யாரிடமும் கேட்காமல், மல்லிகை வாசத் திரவம் ஊற்றி அதைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள். இரண்டு மணிக்குக் கவினேஷ் தலையணையை முகர்ந்தான். திருப்பி முகர்ந்தான். பிறகு, தன் தலையணையை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டதாக முடிவுசெய்து அவன் போட்ட கூச்சலில் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து உட்கார்ந்துகொண்டார்கள். நான் தாலாட்டை ஒரு கட்டை ஏற்றினேன். சுவரில் தட்டல் மேளமாக மாறியது. பரிமளா மூலையில் நின்று அழுதாள். அவளையும் சேர்த்துத் தாலாட்டினேன்.

கவினேஷின் அப்பா லாரி மெக்கானிக். பட்டறையிலிருந்து கிரீஸ் கறையோடு நேராக வந்தவர், தலையணையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, பரிமளாவுக்கு ஆறுதல் சொன்னார்.

"விடுங்க லா டீச்சர், ரெண்டு நாளைக்கு நான் வச்சிப் படுத்துக்கிறேன், பழையபடி ஆயிரும்."

ரொட்டி பாய்

லோஷினி அழாத பிள்ளை. மெத்தையில் கால் நீட்டியதும் தூங்கிவிடுவாள். அதைப் பொறுக்காமல்தானோ என்னவோ, அவள் கண் மூடும் நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்கும் பாய் எங்கள் வாசலில் ஹார்ன் அடிப்பார். அவள் துள்ளி எழுவாள். தூக்கம் கெட்ட லோஷினியைச் சமாளிப்பதற்கு இரண்டு தர்ஷன்களைச் சமாளித்துவிடலாம்.

ஒருநாள் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே ஓடினேன். இது தஸ்கா, உள்ளே பச்சைப் பிள்ளைகள் தூங்குகிறார்கள், பக்கத்து வீட்டில் இரவு வேலைக்காரர், என் வீடே போகப்போகிறது, கொஞ்சம் மனசு வையுங்கள் பாய் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் ஒரு வெண்ணெய் பன்னை என் கையில் வைத்தார்.

"நான் என்னாம்மா செய்றது? உள்ள இருந்து வர்ற சத்தத்துக்கு மேல அடிச்சாத்தானே அடுத்த வீட்டுக்குக் கேக்குது!"

கேட்டருகே பஞ்சாயத்து

பிள்ளைகளின் அழுகையைத்தான் பாய் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எதைச் சொல்லப்போகிறார்?

அடுத்த வாரம், சரியாகத் தூங்கும் நேரத்தில், மழையில் குடை பிடித்துக்கொண்டு வீட்டுக்காரர் வந்தார். கூடவே கண்ணெல்லாம் சிவந்த குணா அண்ணே. முடிந்தது கதை என்று கேட்டைத் திறந்தேன். வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நானே ஆரம்பித்தேன். சின்னப் பிள்ளைகள் அண்ணே, அழத்தான் செய்யும், இன்னும் ஒரு மாதம் கொடுங்கள், எல்லாரையும் பழக்கிவிடுகிறேன் என்று அழாக்குறையாகச் சொன்னேன். குணா அண்ணே என்னை வினோதமாகப் பார்த்தார்.

"பிள்ளைங்க அழுறாங்கன்னு நான் என்னிக்கு டீச்சர் சொன்னேன்? நான் எஸ்டேட் லயத்துல வளர்ந்தவன், சுத்தி அத்தன வீட்டுப் பிள்ளைங்களும் கத்தக் கத்தத் தூங்குனவன். நீங்க பாடுறீங்களே, அத மட்டும் நிறுத்துங்க லா, கையெடுத்துக் கும்பிடுறேன்."

வீட்டுக்காரர் குடையை முகத்துக்கு முன்னால் சாய்த்துக்கொண்டார். குடை குலுங்கியது. பாட்டு இல்லையென்றால் புகாரும் இல்லை, வீடும் எனக்கே என்று பஞ்சாயத்து முடிந்தது. வீடு தங்கியதே என்று ஒரு கண்ணில் சந்தோஷம், ஆறுதல் பரிசு போனதே என்று மறு கண்ணில் எரிச்சல். இனி எப்படித் தூங்கவைப்பது என்று யோசிக்கும்போதுதான் உள்ளே சத்தமே இல்லை என்பது உறைத்தது. கதவை நோக்கித் திரும்பினேன். பரிமளா உதட்டில் விரல் வைத்தபடி வழியை மறித்து நின்றாள்.

"எல்லாரும் எப்பவோ தூங்கிட்டாங்கக்கா. நீங்க உள்ள வராதீங்க."

அன்று பிள்ளைகள் தூங்கியது மழைக் குளிருக்குத்தான் என்று இன்றுவரை சாதித்துக்கொண்டிருக்கிறேன், வெயில் கொளுத்தும் நாட்களிலும் ஏன் தூங்குகிறார்கள் என்று தயவுசெய்து யாரும் என்னிடம் கேட்டுவிடாதீர்கள்.