தாயும் குட்டியும் ஒரே நிறம்

ஆட்டுக்கூட்டம் ரோட்டைக் கடந்தால் சொர்ணத்தாய் நின்றுவிடுவாள். கடைசி ஆடு போகும்வரை எண்ணி எண்ணி உதடு அசைந்துகொண்டிருக்கும். புதூர்ப் பக்கம் ஆட்டுக்காரர் வீட்டில் பிறந்து, ஆறாம் வகுப்போடு நின்றவள்.

பதினெட்டு வருஷம் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தாள். தீக்குச்சி மருந்து நெடியில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அந்தப் பக்கமே போகக்கூடாது என்றுவிட்டார் டாக்டர். அந்தச் சமயம் பார்த்து எட்டயபுரம் ரோட்டில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் வேலைக்குப் பெண்களை எடுத்தார்கள். படிப்பு வேண்டாம், கண் கூர்மையாக இருந்தால் போதுமாம். சேர்ந்த இரண்டாம் மாதம் இளைப்பு விட்டது.

ஆட்டு மந்தைகளை எடுத்த வீடியோக்கள் வரும். ஒவ்வொன்றின் முதல் படத்திலும் ஒவ்வொரு ஆட்டையும் சுற்றி வரைந்து ஆட்டுக்கொரு நிறம் கொடுக்க வேண்டும். மெஷின் அதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த படங்களில் அதே ஆட்டைத் தேடி அதே நிறம் பூசும். உடைமரத்துக்குப் பின்னால் போய் வெளியே வரும் ஆட்டைச் சில நேரம் மாற்றிப் பிடிக்கும். அதைத் திருத்துவது இவள் வேலை. ஒன்றுபோலிருக்கும் கறுத்த கன்னி இன ஆடுகள் இருபது சேர்ந்து வந்தாலும் இவளுக்குத் தடுமாற்றம் இல்லை. சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று முதல் நாளே சொன்னார்கள். அவள் எதையும் கேட்டதில்லை.

மூன்று வார வேலை மொத்தமாகத் திரும்பி வந்தது. மேற்பார்வை பார்க்கும் சத்யபிரியா திரையைக் காட்டினாள். துள்ளி ஓடிய குட்டி ஒரு மூலையில் நீலம், மேய்கிற தாய் இன்னொரு மூலையில் அதே நீலம்.

"குட்டிக்கு ஏங்க்கா தனி நெறம் குடுக்கல?"

சொர்ணத்தாய்க்குக் கேள்வியே விளங்கவில்லை. "பால் மறக்காத குட்டிய எங்கூர்ல தனியா எண்ண மாட்டாவம்மா. தாயும் குட்டியும் ஒரு உருப்படி."

"ஒங்கூர்க் கணக்கு மெஷினுக்கென்ன தெரியும்? நீங்க காட்டுனதத்தான் நெனப்புல வச்சிக்கிட்டுப் போவுது. கடைசிப் படம் வரைக்கும் தப்பு."

வாய் திறக்காதவள் அன்று கெஞ்சினாள். "நானே ஒக்காந்து சரி பண்ணிருதேன். வெளிய மட்டும் அனுப்பிராதீங்க. அந்த நெடிக்கு என்னால திரும்பப் போக ஏலாது."

சத்யபிரியா வேறு பக்கம் பார்த்தாள். மேலே முடிவெடுத்துவிட்டார்கள் என்றாள். அந்த வீடியோக்களை வேறு பெண்ணிடம் கொடுத்தாயிற்று.

வேறு இடங்களில் வேலை கேட்டுப் பார்த்தாள், கிடைக்கவில்லை. இப்போது மறுபடியும் தீப்பெட்டி ஆபீசுக்குத்தான் போகிறாள். மத்தியானத்துக்கு மேல் மூச்சு இழுக்கிறது. மாலைவரை அப்படியே உட்கார்ந்து வேலை பார்க்கிறாள்.